பார்வைக்கு ஒரு நாள்

'தயார்' என்ற பொத்தானை அமுக்கியதும் திரையில் நான்கு முகங்கள் வந்தன. நான்கும் கண் மூடியிருந்தன. முதல் முகத்துக்கு நரைத்த மீசை. இரண்டாவது ஒரு பெண். மூன்றாவதைப் பார்த்ததும் அவள் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். முடி அதே மாதிரி நெற்றியில் விழுந்திருந்தது. அதே அகலத்தில் தாடை. காது? காது வேறு. இந்த ஆளின் காது மடல் கன்னத்தோடு ஒட்டியிருந்தது. தம்பிக்கு மடல் தனியாகத் தொங்கும், சின்ன வயதில் அதைப் பிடித்து இழுத்தே அவனை அழ வைத்திருக்கிறாள். இது அவன் இல்லை. நான்காவது முகத்தை ஒரு நொடிக்கு மேல் பார்க்கவில்லை, அவருக்கு எழுபது வயதாவது இருக்கும். பிடித்து வைத்திருந்த மூச்சை விட்டுவிட்டு 'அனுப்பு' என்ற இரண்டாவது பொத்தானை அமுக்கினாள். முகங்கள் மறைந்தன. திரை வெள்ளையானது.

"பட்டன் அக்கா அமுக்கியாச்சா?" என்று பக்கத்து மேசையிலிருந்து குரல் வந்தது. "அப்ப விடிஞ்சிருச்சுன்னு அர்த்தம். டீ சாப்பிடப் போலாம் வாங்க."

அவள் சிரித்து வைத்தாள். அலுவலகத்தில் அவளுக்குப் பட்டன் அக்கா என்றுதான் பெயர். நகரத்தின் பொதுப் பிணவறைக்கு அவர்கள் நிறுவனம் எழுதிக் கொடுத்த மென்பொருளைப் பராமரிக்கிற குழு அது. யாரும் தேடி வராத உடல் பதினான்கு நாள் குளிர்ப்பெட்டியில் இருக்கும். அதற்குள் சொந்தக்காரர்கள் வந்தால் வாங்கிக்கொண்டு போகலாம். வராவிட்டால் பொது இடுகாடு. 'தயார்' அமுக்கினால் கெடு முடிந்தவர்களின் படங்கள் வரும். 'அனுப்பு' அமுக்கினால் இடுகாட்டுக்கு உத்தரவு போகும். படங்கள் இங்கே அழிந்து, காவல்துறைக் கோப்பில் மட்டும் ஒரு பிரதி தங்கும். ஒவ்வொரு வேலை நாளும் காலையில் யாராவது ஒருவர் இதைச் செய்தாக வேண்டும். முன்பு செய்தவர் வேலையை விட்டுப் போனபோது, யாரும் வேண்டாம் என்று ஒதுங்கிய அந்த வேலையை அவளாகவே கேட்டு வாங்கிக்கொண்டாள். நல்ல மனசு என்றார்கள். திடமான நெஞ்சு என்றார்கள். இரண்டும் இல்லை.

வண்டிக்குக் காற்றடித்துக்கொண்டு வந்துவிடுகிறேன் என்று வீட்டை விட்டுப் போன தம்பி, அதற்கப்புறம் வரவில்லை. சண்டை இல்லை, கடன் இல்லை, காதல் இருந்ததாகவும் தெரியவில்லை. அவன் போனுக்குக் கூப்பிட்டால் மணி அடிக்கவே இல்லை. வண்டியும் கிடைக்கவில்லை. காவல் நிலையத்தில் புகார் வாங்கிக்கொண்டு "ஏதாவது கெடச்சா சொல்றோம்" என்றார்கள். அதைச் சொன்னவர் சொல்லும்போதே அடுத்த ஆளைக் கூப்பிட்டார். ஆகவே அவள் தானே பார்க்க ஆரம்பித்தாள். வீட்டில் ஒருவர் காணாமல் போயிருந்தால் இந்த மென்பொருளைத் தொடக்கூடாது என்று நிறுவனத்தில் விதி உண்டு. அதனால் யாரிடமும் சொல்லவில்லை. அலுவலகத்தில் ஒரே ஒருத்திக்குத்தான் தெரியும். மென்பொருளைச் சோதித்துப் பிழை கண்டுபிடிப்பது அந்த ஒருத்தியின் வேலை. எதைக் கொடுத்தாலும் குறை சொல்வதால் 'குத்தம்' என்று பெயர் வாங்கியவள்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனால் அம்மா கதவைத் திறந்துகொண்டே கேட்பாள்.

"பாத்தியாடி?"

"பாத்தேம்மா."

"இல்லல்ல?"

"இல்ல."

அவ்வளவுதான். அதற்கப்புறம்தான் அம்மா முகம் கழுவுவாள், அடுப்பைப் பற்ற வைப்பாள், தொலைக்காட்சியில் வருகிறவர்களைத் திட்டுவாள். இல்லை என்ற சொல்லை வைத்துக்கொண்டு அந்த வீடு இன்னொரு நாளைத் தள்ளிக்கொண்டிருந்தது. ஒருநாள் அவள் பேருந்து கிடைக்காமல் தாமதமாக வந்தபோது, அம்மா விளக்கைக்கூடப் போடாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அன்றைக்கும் கேள்வி மாறவில்லை. குரல்தான் பாதியில் காணாமல் போயிருந்தது.

கெட்ட காலம் ஒரு காய்ச்சல் வடிவத்தில் வந்தது. அவள் படுத்துவிட்டாள், அவளுக்குப் பதிலாக அமுக்க வேண்டியவன் மறந்துவிட்டான். அந்த வாரம் ஒரு தொழிற்சாலை விபத்தும் சேர்ந்துகொள்ள, பிணவறையில் பெட்டி போதவில்லை. பொறுப்பாளர் போனில் கத்தினார். அவள் வேலைக்குத் திரும்பிய அன்றே கூட்டம் போட்டார் குழுத்தலைவர். அவருக்கு முதுகுக்குப் பின்னால் 'அவசரம்' என்று பெயர். கதவைத் தட்டாமல் நுழைவார், பதிலுக்குக் காத்திராமல் அடுத்த கேள்வி கேட்பார்.

"ஏம்மா, நீங்க லீவு போட்டா செத்தவங்களும் லீவா?" என்று ஆரம்பித்தார். "இந்தக் காலத்துல எவனாவது கையால அமுக்கிட்டு உக்காந்திருப்பானா? ஷெட்யூல் போட்டுடுங்க. விடியறதுக்கு முன்னாடி தானா ஓடட்டும். தயார், அனுப்பு, ரெண்டும் ஒண்ணா."

"கடைசியா ஒரு மனுஷக் கண்ணு படணும் சார்," என்றாள் அவள். "மிஷின் பாட்டுக்கு அனுப்பிடும்."

"கண்ணு பட்டு? எழுந்து உக்காந்துடுவாங்களா?"

மேசையைச் சுற்றிச் சிரித்தார்கள். அவளும் உதட்டை அசைத்தாள்.

"தப்பா ஒரு ஆள் போயிட்டா திரும்பக் கொண்டுவர முடியாது சார்."

"சரி. இத்தனை நாள் பாத்தீங்களே, எத்தனை தப்பப் புடிச்சிருக்கீங்க?"

தப்பைத் தேடி அவள் பார்த்ததே இல்லை. காதையும் தாடையையும் தவிர வேறு எதையும் பார்த்ததில்லை. அந்த முகங்களில் ஒன்று கண்ணைச் சிமிட்டியிருந்தால்கூட, காது சரியில்லை என்றால் அனுப்பியிருப்பாள்.

'குத்தம்' தொண்டையைச் செருமினாள். "டைமர் போடுறதுக்கு முன்னாடி எனக்குக் கொஞ்சம் டைம் குடுங்க சார். பழைய ப்ரோக்ராம் கோடு. எழுதினவரு இப்ப எங்க இருக்காருன்னே தெரியாது."

"டைமர்ல என்னமா டெஸ்ட்டு? மணி அடிக்கும், ஓடும். வீட்டுல அலாரம் வெக்கறதுக்கு முன்னாடியும் டெஸ்ட் பண்ணுவியா?"

அதற்கும் சிரிப்பு. கூட்டம் முடிந்தது.

அட்டவணையைப் போட்டவள் அவளேதான். ஒரே வரி. எத்தனையோ இடத்தில் போட்ட வரி, கண்ணை மூடிக்கொண்டு போடுகிற வரி. போட்டுவிட்டு, கையால் ஓட்டும் பக்கத்தை அழிக்கப் போனவள் அழிக்காமல் விட்டாள். அட்டவணை என்றைக்காவது ஓடாமல் போனால் உதவும் என்று குறிப்பு எழுதினாள். குறிப்பு நியாயமாகத்தான் இருந்தது. அவசரம் சார் படித்துவிட்டுத் தலையாட்டினார்.

அட்டவணை முதன்முதலாகத் தானே ஓடிய அன்று சாயங்காலம் அம்மா கேட்டாள். பாத்தியாடி? அவள் செருப்பைக் கழற்றக் குனிந்தபடியே பாத்தேன் என்றாள். முதல் பொய். அம்மாவுக்கு அது தெரிந்திருக்க வேண்டும், அல்லது அப்படி அவளுக்குத்தான் தோன்றியது; சாப்பிடும்போது அம்மா இரண்டு தடவை நிமிர்ந்து பார்த்தாள். இரவு முழுக்க அவளுக்கு ஒரே எண்ணம். விடிவதற்குமுன் ஆளில்லாத ஓர் அறையில் ஒரு எந்திரம் முகங்களை எடுத்து வைத்துவிட்டு, யாரும் பார்க்காமல், அழித்துக்கொண்டிருக்கும்.

மறுநாள் அலுவலகம் வந்ததும் பழைய பக்கத்தைத் திறந்தாள். 'தயார்' மட்டும் அமுக்கினாள். மூன்று முகங்கள் வந்தன. யோசித்தாள். இன்றைய ஆட்கள் விடியற்காலையிலேயே போய்விட்டார்கள், ஆகவே இவர்கள் நாளைக்குப் போகிறவர்கள். அப்படியானால் ஒரு நாள் முன்கூட்டியே பார்க்கலாம். 'அனுப்பு' பக்கமே போக வேண்டாம். அட்டவணை தன் வேலையைச் செய்யட்டும், இவள் வெறுமனே பார்ப்பாள். எதையும் தொடாமல், யாருக்கும் கெடுதல் இல்லாமல். மூன்று காதுகளையும் பார்த்துவிட்டுப் பக்கத்தை மூடினாள். அன்று அம்மாவிடம் உண்மையையே சொன்னாள்.

அதற்கப்புறம் தினமும் பார்த்தாள். விடுமுறை நாளில்கூட வீட்டிலிருந்தே பார்த்தாள், அம்மா குளித்துக்கொண்டிருக்கும்போது. வேலை எளிதாகிவிட்டது என்றுகூடத் தோன்றியது. இப்போது கையில் யாருடைய உத்தரவும் இல்லை, கண் மட்டும்தான். பட்டன் போய்விட்டதே, இனி என்ன பெயர் வைப்பது என்று பக்கத்து மேசைக்காரர்கள் கவலைப்பட்டார்கள். அவசரம் சார் மேலிடத்துக்குக் கடிதம் எழுதினார்: பெட்டிகள் காலியாக இருக்கின்றன, பிணவறையிலிருந்து ஒரு புகார் இல்லை. உண்மைதான். பெட்டிகள் முன்னெப்போதையும்விடக் காலியாக இருந்தன. ஏன் இவ்வளவு காலி என்று யாரும் கேட்கவில்லை. நல்ல செய்தியை யார் நோண்டுவார்கள்?

நோண்டியது ஒரு தாய்.

பிணவறைப் பொறுப்பாளர் இந்தத் தடவை கத்தவில்லை. மெதுவாகப் பேசினார், அதுதான் பயமாக இருந்தது. "மேடம், ஒரு அம்மா வந்து நிக்கிறாங்க. வெளியூரு. பையன் எங்ககிட்ட இருந்திருக்கான். இன்னும் நாள் இருக்கேன்னு நம்பி வந்திருக்காங்க. பெட்டியத் தொறந்தா வேற ஆள். கம்ப்யூட்டர் கெடு முடிஞ்சிருச்சுன்னு அனுப்பிடுச்சு. நான் விரல் விட்டு எண்ணிப் பாத்துட்டேன். கெடு முடியல. நேர்ல வாங்க."

அவளும் குத்தமும் போனார்கள். நீளமான நடை, பச்சை வண்ணம் பாதிச் சுவர்வரை. மருந்து நாற்றத்துக்குக் கீழே வேறொரு நாற்றம். பெஞ்சில் அந்த அம்மா உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு துணிப்பை, அதற்குள் மடிப்புக் கலையாத ஒரு சட்டை. பையனுக்குப் போட்டுவிடக் கொண்டு வந்தது. அழுது முடித்துவிட்ட முகம். பொறுப்பாளர் இவர்களைக் கைகாட்டி ஏதோ சொல்ல, அவள் எழுந்து வந்தாள்.

"நீங்கதான் கம்ப்யூட்டர் ஆளுங்களா?"

"ஆமாம்மா," என்றாள் குத்தம்.

"பஸ்ஸு கெடைக்காம ஒரு நாள் தள்ளிப் போச்சு. அதனாலயாம்மா?"

"இல்லம்மா. உங்க மேல தப்பு இல்ல."

"குழியத் தோண்டித் தரச் சொல்லுங்களேன். ஒரு குழில பல பேராம்ல. நான் பாத்தா அடையாளம் சொல்லிடுவேன். என் புள்ளைய எனக்குத் தெரியாதா?"

பொறுப்பாளர் தரையைப் பார்த்தார். குத்தம் கணினி இருந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இவள் அந்த அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார வேண்டியதாயிற்று. அந்த அம்மா சட்டையை எடுத்து விரித்துக் காட்டினாள், மறுபடி மடித்தாள், காலர் சரியாக வரவில்லை என்று பிரித்து மீண்டும் மடித்தாள். "உங்க வீட்டுல யாராவது இப்படி..." என்று ஆரம்பித்து, இவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

குத்தம் வெளியே வந்தபோது நிறம் மாறியிருந்தது. இவள் கையைப் பிடித்து நடையின் கோடிக்கு இழுத்துப் போனாள்.

"அக்கா, கோடு தேதியையே பாக்கல. எத்தன தடவ ஓடுதுன்னு எண்ணுது. ஒரு ஓட்டம் ஒரு நாள். நாம தினமும் ஒரு தடவ அமுக்கினோம், அதனால யாருக்கும் வித்தியாசம் தெரியல. லீவு நாள்ல ஓடாது, அவங்களுக்கு ஒரு நாள் கூடக் கெடச்சுது. அத யாரு கம்ப்ளெய்ன்ட் பண்ணப் போறாங்க?"

"டைமரும் ஒரு தடவதானே ஓடுது?"

"டைமர் ஒரு தடவதான்." குத்தம் அறைக் கதவைத் திரும்பிப் பார்த்தாள். "எண்ணிக்கை 'அனுப்பு'ல ஏறல அக்கா. 'தயார்' அமுக்கினாலே ஏறுது. யாரு எப்ப அமுக்கினாங்கன்னு பதிவாகுற லாக்ல தினமும் இன்னொரு 'தயார்' இருக்கு. உன் பேர்ல."

நடையில் யாரோ ஒரு தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போனார்கள். அது கடந்து போகும்வரை இருவரும் சுவரோடு ஒட்டி நின்றார்கள்.

"நான் அனுப்பவே இல்லடி. சும்மா பாத்தேன்."

"தெரியும்."

"வெறுமனே பாத்தேன்."

"பாத்தது ஒரு நாள்னு கணக்காயிருச்சு அக்கா. டைமரு ஒண்ணு, நீ ஒண்ணு. டைமர் வந்ததுலேந்து உள்ள வந்த எல்லாருமே பாதி நாள்ல போயிருக்காங்க."

அவள் சுவரில் சாய்ந்தாள். பெஞ்சில் அந்தச் சட்டை மறுபடி மடிபட்டுக்கொண்டிருந்தது. ஒவ்வொரு காலையும் அவள் அந்தப் பையனின் நாளில் ஒன்றைப் பார்வையால் தின்றிருக்கிறாள். அவன் இல்லை, அவன் இல்லை என்று நிம்மதியாக மூச்சு விட்டபடி.

"இன்னும் ஒண்ணு இருக்கு," என்றாள் குத்தம். சொல்லலாமா என்று தயங்கினாள். "நைட் ஷிஃப்ட் ஆளு கெளம்புறதுக்கு முன்னாடி ஏத்துற பதிவெல்லாம் இருக்குல்ல, டைமர் ஓடினப்புறம், நீ வர்றதுக்கு முன்னாடி. அவங்க எண்ணிக்கை விடியற்கால ஓட்டத்துலதான் நிறையுது. நெறஞ்ச உடனே அனுப்பிடுது. அவங்க உன் ஸ்கிரீனுக்கு வரவே இல்ல."

"எத்தன பேரு?"

"ஆம்பளைங்க, வயசு ஒத்து வர்ற மாதிரி... அஞ்சு பேரு."

நம்மிடம் படம் இல்லை என்று குத்தம் சொல்லத் தேவையிருக்கவில்லை. காவல்துறைக் கோப்பில் இருக்கும். அதைப் பார்க்க வேண்டுமென்றால் காணாமல் போனவனின் அக்கா என்று எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுத்தால் நிறுவனத்துக்குத் தெரியும். அப்புறம் இந்தத் திரையை அவள் எந்தக் காலத்திலும் பார்க்க முடியாது. தம்பி இன்னும் எங்கேயாவது உயிரோடு இருந்து, நாளைக்குச் சாக வேண்டியவனாக இருந்தால்கூட.

"லாக நான் யாருக்கும் காட்டல," என்றாள் குத்தம், மிகத் தாழ்ந்த குரலில். "டைமர் ரெண்டு தடவ ஓடிருச்சுன்னு சொல்லலாம். எழுதினவன் மேல போடலாம். அவன்தான் ஊர்லயே இல்லையே."

அது நல்ல யோசனைதான். வழி நெடுக அதையே யோசித்துக்கொண்டு வந்தாள். அலுவலக வாசலில் இறங்கியபோதும் யோசனை நன்றாகத்தான் இருந்தது. அவசரம் சாரின் கதவை முதல் தடவையாகத் தட்டாமல் திறந்து, நின்றபடியே, எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். தம்பியையும் சேர்த்து.

அவர் குறுக்கே பேசவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக இருக்கும். முடித்தபின் மேசைமேல் இருந்த பேனாவை மூடினார்.

"மனுஷக் கண்ணு படணும்னு சொன்னீங்க," என்றார். கோபமாக இல்லை, கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. "நீங்க பாக்காம இருந்திருந்தா அந்தப் பையன் இன்னைக்கு அவங்கம்மா கையில இருந்திருப்பான்."

"ஆமா சார்."

"ஐடிய எடுத்துடச் சொல்றேன். மத்தது மேல இருக்கிறவங்க முடிவு பண்ணுவாங்க." அவள் கதவருகே போனதும் கூப்பிட்டார். "ஏம்மா. முன்னாடியே சொல்லியிருந்தா, நானாவது பாத்து சொல்லியிருப்பேனே."

அவர் பார்த்துச் சொல்லியிருந்தால் அவள் நம்பியிருப்பாளா என்பது அவளுக்குத் தெரியவில்லை. அவருக்குத் தம்பியின் காது மடல் எப்படி இருக்கும் என்று விளக்கியிருக்க வேண்டும்.

அம்மாவிடம் சொன்னபோது அம்மா அழவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தாள். நடுவில் ஒருதடவை, "அந்தப் பொம்பள எங்க தங்கியிருக்கா?" என்றாள். தெரியாது என்றதும், "கேட்டிருக்கணும்ல," என்றாள். அப்புறம், "அஞ்சு பேருன்னா, அதுல ஒருத்தனா இருக்கணும்னு இல்லல்ல?"

"இல்லம்மா."

"இருக்கக்கூடாதுன்னும் இல்ல."

"இல்ல."

மறுநாள் இருவரும் காவல்துறை ஆவண அறைக்குப் போனார்கள். அம்மா வெளியே போகிற புடவையைக் கட்டியிருந்தாள். எழுதிக் கொடுத்தார்கள், கையெழுத்துப் போட்டார்கள், காத்திருந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே இரண்டு பேர் ஒரு பழைய ஜீப்பைத் தள்ளி உயிர்ப்பிக்கப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது இருமிவிட்டு நின்றது. காவலர் ஒருவர் பழுப்பு உறையோடு வந்தார். பழக்கப்பட்ட கை. ஐந்து படங்களையும் உறையிலிருந்து உருவி, முகம் கீழே இருக்கும்படி மேசைமேல் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தார்.

"ஒவ்வொண்ணாத் திருப்புறேன்மா. இல்லன்னா தலைய ஆட்டுங்க, போதும். பேச வேணாம்."

அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அவர் கையை நீட்டுவதற்குள் அம்மாவின் கை முந்திக்கொண்டது. எதையும் எடுக்கவில்லை, திருப்பவில்லை. உள்ளங்கையை விரித்து அந்தப் படங்களின் மேல் வைத்து அழுத்திக்கொண்டாள், காற்றில் பறந்துவிடும் என்பதைப்போல. அறையில் காற்றே இல்லை. காவலர் இவளைப் பார்த்தார். இவள் அம்மாவின் கையைப் பார்த்தாள்: புடைத்த நரம்புகள், நகத்தோரம் காய்ந்த சோப்பு நுரை.

வெளியே ஜீப்பைத் தள்ளியவர்கள் ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டு மறுபடி முதலிலிருந்து தள்ளத் தொடங்கினார்கள். அம்மாவின் விரல்கள் மெல்ல நெருங்கி, படங்களின் ஓரங்களைத் தட்டிச் சீராக்கின. கை மட்டும் எழவில்லை.